கை தூக்கலைன்னா துரோகி!

ஒரு சின்ன டெஸ்ட். சிலபஸுக்கு வெளியேயிருந்துதான் கேள்வி. பயப்படாதீங்க, ஒரே ஒரு மார்க்தான்.

நீங்க ஒரு எம்.பி.ன்னு வெச்சுக்கங்க. நாட்டுல சண்டை நடக்குது. ராணுவத்துக்குக் கோடி கோடியா ஒதுக்கி அரசாங்கம் பட்ஜெட் கொண்டு வருது. அந்தப் பணம் எங்கே போகுது, யார் தலையில விழப்போகுதுன்னு உங்களுக்கு டவுட்டு. ஆதரிச்சா, படிக்காம கையெழுத்துப் போட்ட கதை. எதிர்த்தா, மறுநாள் காலையில உங்க ஊர் பஸ் ஸ்டாண்டுல போஸ்டர்... 'எல்லையில் நிற்கும் வீரனின் தோட்டாவைப் பறித்த துரோகியே!' என்ன பண்ணுவீங்க?

'வெளிநடப்பு'ன்னு சொன்னவங்களுக்கு வாழ்த்துகள். அரசியல்ல உங்களுக்கு ஒளிமயமான எதிர்காலம் இருக்கு!

மெக்கானிக்கல் படிக்கிற பையனுக்கு எதுக்குப்பா இந்த வேலைன்னு நீங்க கேட்கலாம். நான் இப்போ இன்டர்ன்ஷிப்புக்காக ஒரகடத்துல ஒரு பாகங்கள் தயாரிக்கிற கம்பெனிக்குப் போயிட்டு வர்றேன். ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து ஒரகடம் வரைக்கும் ரோட்டோட ரெண்டு பக்கமும் பாருங்க... கார், பைக், லாரி, டயர், செல்போன்னு ஒண்ணு விடாம செய்யறாங்க. இப்போ அந்த லிஸ்ட்டுல புதுசா சேர ஆசைப்படறது விமானமும் ராணுவமும். தமிழ்நாட்டுக்கான ராணுவத் தொழில் வழித்தடத்தை 2019 ஜனவரியில திருச்சியில தொடங்கி வெச்சாங்க. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சின்னு அஞ்சு இடம். எங்க பக்கத்துல வல்லம் வடகால்ல விமான பாகங்களுக்குன்னே சிப்காட் ஒரு பூங்காவை வெச்சிருக்கு. எங்க ஷாப்ல யாராவது 'டிஃபென்ஸ் ஆர்டர்'னு சொன்னா போதும், சூப்பர்வைசர் முகத்துல தீபாவளி. ஆக, ராணுவ பட்ஜெட்ங்கறது டெல்லி சமாசாரம் மட்டும் இல்ல பாஸ், நம்ம பிளேஸ்மென்ட் சமாசாரமும்தான்.

நான் இருக்கிற லைன்ல ஒரு அண்ணன் இருக்கார். சி.என்.சி. ஆபரேட்டர். முப்பது வயசு. பேர் வேணாம். ஆள் அமைதி. மெஷின் சத்தத்தை வெச்சே டூல் தேஞ்சுடுச்சுன்னு கண்டுபிடிச்சுடுவார். நம்ம ஆளுங்க மாதிரியே பேசிக்கிட்டு இருப்பார், திடீர்னு ஒரு 'ஓம்' வந்து விழும். இலங்கைத் திருகோணமலைப் பக்கம் சொந்த ஊர். 2006-ல சண்டை திரும்ப மூண்டப்போ குண்டு விழுந்த ஊருங்கள்ல அதுவும் ஒண்ணு. குடும்பத்தோட படகேறி, ராமேஸ்வரம் வந்து, மண்டபத்துல கொஞ்ச நாள் இருந்துட்டு, அப்புறம் வட மாவட்டத்துல ஒரு முகாமுக்கு வந்தாங்க. அப்போ அவருக்குப் பதினோரு வயசு. அந்த முகாம்கள்ல இன்னிக்கும் ஐம்பதாயிரம் பேருக்கு மேல இருக்காங்க. 2021-ல 'மறுவாழ்வு முகாம்'னு பேர் மாத்தினாங்க. பேர் மாறிடுச்சு, குடியுரிமை வரலை.

கேன்டீன் டி.வி.யில ஒரு நாள் வழக்கமான கூச்சல். ராணுவத்தைச் சந்தேகப்படறீங்களான்னு ஒரு கட்சி, எங்க தேசபக்திக்கு நீங்க யாரு சர்டிஃபிகேட் தர்றதுக்குன்னு இன்னொரு கட்சி. அண்ணன் சாம்பார் சாதத்தைப் பிசைஞ்சுக்கிட்டே சொன்னார்: "தம்பி, இந்தப் படத்தை நாங்க முன்னாடியே பார்த்துட்டோம். அதுல ஸ்கோர் 114 – 67."

ஏதோ கபடி மேட்ச்னுதான் எனக்குத் தோணுச்சு. அது 2007 டிசம்பர் 14-ஆம் தேதி இலங்கைப் பார்லிமென்ட்டுல நடந்த ஓட்டெடுப்பு!

அண்ணனோட அப்பா முகாம்ல ராத்திரி பி.பி.சி. தமிழோசை கேட்காம தூங்க மாட்டாராம். ஒரு ரேடியோ, சுத்தி பத்துப் பன்னெண்டு பேர். கொழும்புல ஓட்டெடுப்பு நடந்தா எண்ணிக்கையை ஒரு ஸ்கூல் நோட்டுல எழுதி வெப்பார். நாம ஐ.பி.எல். பாயின்ட்ஸ் டேபிள் போடுவோமே, அந்த மாதிரி. அந்த நோட்டு இன்னும் இருக்கு. அண்ணன் அதை போன்ல படம் எடுத்து வெச்சிருக்கார். கோடு போட்டு மூணு கட்டம்: தேதி, ஆதரவு, எதிர்ப்பு.

பட்ஜெட்டை ஏன் இப்படி எண்ணினாங்க? விஷயம் இருக்கு. இலங்கை அரசியல் சட்டப்படி பட்ஜெட் மசோதா தோத்துப்போனா அமைச்சரவையே கலைஞ்சுடும். அதனால அது வெறும் வரவு செலவுக் கணக்கு இல்ல, ஆட்சி நிக்குமா விழுமான்னு பார்க்கிற பந்தயம். 2008-ஆம் வருஷத்துக்கான அந்த பட்ஜெட்டுல ராணுவத்துக்கு மட்டும் சுமார் 16,600 கோடி இலங்கை ரூபாய். முந்தின வருஷத்தைவிட ரொம்ப அதிகம். நிதி அமைச்சர், பாதுகாப்பு அமைச்சர், ஜனாதிபதி மூணுமே மஹிந்த ராஜபக்ஷ. பாதுகாப்புச் செயலாளர் அவர் தம்பி கோத்தபய. பணம் கேட்கிறவர், பணம் கொடுக்கிறவர், செலவு பண்றவர் எல்லாம் ஒரே வீட்டு ஆளுங்க!

முகாம்ல பெரியவங்க கணக்கு சிம்பிள். பட்ஜெட் தோத்தா அரசாங்கம் விழும். அரசாங்கம் விழுந்தா சண்டை நிக்கும். சண்டை நின்னா தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போகலாம். "அம்மா அப்பவே கொண்டுபோறதுக்கு எண்டு ரெண்டு புது லுங்கி வாங்கி வெச்சிட்டா" என்றார் அண்ணன். அவங்க சின்ன மாமா ஒருத்தர் ஊரிலேயே நின்னுட்டாராம். அவருக்கு ஒண்ணு, தாத்தாவுக்கு ஒண்ணு.

நவம்பர் 19-ல முதல் ரவுண்டு. 118 – 102. எதிர்க்கட்சியான யு.என்.பி., இடதுசாரின்னு சொல்லிக்கிட்டே போரை ஆதரிச்ச ஜே.வி.பி., தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எல்லாம் எதிர்த்துப் போட்டாங்க. வித்தியாசம் வெறும் 16. எட்டு, ஒன்பது பேர் தாவினா கதை முடிஞ்சது. அங்கேதான் கூத்து ஆரம்பிச்சது. இந்த பட்ஜெட் தோத்தா பிரபாகரன் ஜெயிச்ச மாதிரின்னு ஆளுங்கட்சி கிளம்பிடுச்சு. பட்ஜெட்டுல அரிசி விலை இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கு, ஸ்கூல் இருக்கு, பெட்ரோல் வரி இருக்கு. அத்தனையும் போய், கேள்வி ஒண்ணே ஒண்ணாச் சுருங்கிடுச்சு... நீ ராணுவத்துக்கு ஆதரவா, புலிக்கு ஆதரவா?

இன்ஜினீயரிங் பசங்களுக்கு இதை ஈஸியா சொல்றேன். எங்க ஷாப்ல 'கோ – நோ-கோ கேஜ்'னு ஒண்ணு இருக்கு. துளைக்குள்ள ஒரு முனை போகணும், இன்னொரு முனை போகக் கூடாது. அவ்வளவுதான். பீஸ் பாஸா ஃபெயிலான்னு ஒரு செகண்டுல சொல்லிடும். எத்தனை மைக்ரான் தப்பு, எதனால தப்பு, எந்த மெஷின்ல தப்புன்னு அதுகிட்ட கேட்டா பதில் வராது. போர்க்காலத்து பட்ஜெட் ஓட்டும் அந்த மாதிரி கேஜ் ஆயிடுது. ஆளை மட்டும் 'பாஸ் – ஃபெயில்' போடும். பணத்தை அளக்கவே அளக்காது.

டிசம்பர் ரெண்டாவது ரவுண்டுக்கு வருவோம். ஓட்டெடுப்புக்கு ரெண்டே நாள் முன்னாடி முஸ்லிம் காங்கிரஸ் அரசாங்கத்தைவிட்டு வெளியே வந்துச்சு. முகாம்ல ஒரே உற்சாகம். ஆனா அதே வாரத்துல மட்டக்களப்பு மாவட்டத்துக் கூட்டமைப்பு எம்.பி.க்கள் மூணு பேரோட சொந்தக்காரங்க கடத்தப்பட்டாங்க. பட்ஜெட்டை எதிர்த்து ஓட்டுப் போடக் கூடாது, அதான் கண்டிஷன். அரசாங்கத்தோட சேர்ந்து இயங்கின பிள்ளையான் குழு மேல குற்றச்சாட்டு போச்சு. மூணு எம்.பி.க்களும் ஓட்டுப் போடலை.

ஜே.வி.பி. என்ன பண்ணுச்சு? ஒரு மாசத்துக்கு முன்னாடி எதிர்த்துப் போட்டவங்க, இந்த முறை கலந்துக்கவே இல்ல. ஸ்கோர் 114 – 67.

எனக்குக் கணக்குப் போடாம இருக்க முடியாது. ஜே.வி.பி. 2004-ல ஜெயிச்சது 39 சீட். அத்தனை பேரும் எதிர்த்துப் போட்டிருந்தாலும், கூட அந்த மூணு எம்.பி.க்களும் போட்டிருந்தாலும் 109-தான் வரும். அரசாங்கம் விழுந்திருக்காது. அப்போ எதுக்கு அந்தக் கடத்தல்? ஜெயிக்கப்போற ஓட்டெடுப்புக்குக்கூட சொந்தக்காரங்களைத் தூக்கற அளவுக்குப் போறாங்கன்னா, அவங்களுக்கு வேண்டியது எண்ணிக்கை மட்டும் இல்லன்னுதான் எனக்குப் படுது. எதிர்த்தா என்ன ஆகும்னு மத்தவங்க பார்க்கணும்.

பார்க்கவும் செஞ்சாங்க. யு.என்.பி.யோட தமிழ் எம்.பி. தியாகராஜா மகேஸ்வரன் அந்த பட்ஜெட்டை எதிர்த்து ஓட்டுப் போட்டார். அதுக்கப்புறம் அவரோட மெய்க்காவலர்கள் எண்ணிக்கையைக் குறைச்சுட்டாங்கன்னு புகார் எழுந்துச்சு. 2008 ஜனவரி 1. புது வருஷப் பூஜைக்காகக் கொழும்பு கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குப் போனவரைக் கோயிலுக்குள்ளேயே சுட்டுக் கொன்னாங்க. மறுநாள் ஜனவரி 2, போர்நிறுத்த ஒப்பந்தத்திலிருந்து விலகறதா அரசாங்கம் அறிவிச்சது. மார்ச் 6-ல கூட்டமைப்பு எம்.பி. சிவநேசன், பார்லிமென்ட்டுக்குப் போயிட்டு வன்னிக்குத் திரும்பற வழியில வெடிவெச்சுக் கொல்லப்பட்டார்.

அண்ணனோட அப்பா நோட்டுல இந்த ரெண்டு தேதிக்கும் ஓட்டு எண்ணிக்கை இல்ல. கட்டத்துக்கு வெளியே, ஓரத்துல, பேர் மட்டும் எழுதியிருக்கார்.

சரி, எதிர்க்கட்சி யோக்கியமான்னா... அதையும் பார்த்துடுவோம். ராணுவம் ஆனையிறவுக்குப் போறேன்னு சொல்லிட்டு கொழும்புப் புறநகர்ல இருக்கிற பாமன்கடைக்குப் போகுதுங்கற ரேஞ்சுல யு.என்.பி. ஆளு ஒருத்தர் கிண்டல் அடிச்சார். சிங்களத்துல ரெண்டு ஊர் பேரும் எதுகையா வரும். கைதட்டலும் வந்துச்சு. ஆளுங்கட்சி அந்த ஒரு ஜோக்கைப் பிடிச்சுக்கிட்டு வருஷக்கணக்கா மேடை மேடையா ஓட்டுச்சு. 'வீரர்களைக் கேலி செய்தவர்கள்'னு. அந்தச் சண்டையில ஜனங்க மாட்டிக்கிட்டிருக்காங்களே, அவங்களுக்குச் சாப்பாடு போகுதான்னு ரெண்டு கட்சியும் அந்த அளவுக்கு மெனக்கெடலை. ஒருத்தருக்கு அது வீரக்கதை, இன்னொருத்தருக்குக் காமெடி டிராக்.

நிஜமாவே பணத்தைப் பத்திக் கேட்டவங்களுக்கு என்ன ஆச்சு தெரியுமா? 2006-ல இலங்கை விமானப்படை உக்ரைன்ல இருந்து 4 மிக்-27 விமானம் வாங்குச்சு. பழைய சரக்கு. விலை, நடுவுல வந்த கம்பெனி, எல்லாத்துலயும் சந்தேகம்னு பத்திரிகையாளர் இக்பால் அத்தாஸ் 2007-ல எழுதினார். அவருக்கிருந்த போலீஸ் பாதுகாப்பை விலக்கிட்டாங்க. 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவும் அந்த விமான விவகாரத்தை விடாம எழுதினவர். 2009 ஜனவரி 8-ல, ஆபீஸுக்குக் கார்ல போயிட்டிருந்தப்போ நடுரோட்டுல கொல்லப்பட்டார். ஒரு பில்லுக்கு ரசீது கேட்டதுக்குக் கிடைச்ச பேர் 'துரோகி'.

இந்த 'துரோகி' பட்டம் யார் யாருக்குப் போகும்னு சொல்லவே முடியாது மக்களே. போரை நடத்தி முடிச்ச ராணுவத் தளபதி சரத் பொன்சேகா 2010 ஜனவரி தேர்தல்ல ராஜபக்ஷவை எதிர்த்து நின்னார். அடுத்த மாசமே கைது. பட்ஜெட்டுல ஒதுக்கின அந்தப் பணத்தை வெச்சு சண்டை போட்டு ஜெயிச்சுக் கொடுத்தவருக்கே இந்த நிலைமை!

'அதெல்லாம் அந்த ஊர் கதை, நம்ம ஊர்ல இப்படி நடக்காது'ன்னு சொல்றீங்களா? நம்ம தொகுதிக்கே வாங்க.

ஸ்ரீபெரும்புதூர்னா வெளியூர்க்காரங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது 1991 மே 21. எங்க கம்பெனி பஸ் அந்த ராஜீவ் காந்தி நினைவிடத்தைத் தாண்டித்தான் போகும். அண்ணன் அந்த இடம் வந்தா ஜன்னல் பக்கம் பார்க்க மாட்டார். ஏன்னு நான் கேட்டதில்லை. இலங்கைச் சண்டையில இந்தியா கால் வெச்சதோட விலையை நேர்ல பார்த்த ஊர் இது. அப்படிப்பட்ட ஊர்ல 2009 மே மாசம் என்ன நடந்துச்சுன்னு பாருங்க.

அதுக்கு முன்னாடி 2008 அக்டோபர் 14. சென்னையில அனைத்துக் கட்சிக் கூட்டம். ரெண்டு வாரத்துல போர்நிறுத்தம் வரலைன்னா தமிழ்நாட்டு எம்.பி.க்கள் ராஜினாமா செய்வாங்கன்னு தீர்மானம். தி.மு.க. எம்.பி.க்கள் முன்தேதி போட்ட ராஜினாமா கடிதங்களைக் கொடுத்தது சபாநாயகர்கிட்ட இல்ல, கலைஞர்கிட்ட! கூட்டத்துக்கே வராத அ.தி.மு.க. இதை நாடகம்னு சொல்லுச்சு. அக்டோபர் 26-ல பிரணாப் முகர்ஜி சென்னைக்கு வந்து கலைஞரைப் பார்த்துப் பேசினார். ராஜினாமா வாபஸ். போர் மட்டும் வாபஸ் ஆகலை. 2009 ஜனவரியில ஜெயலலிதா, போர்னா அப்பாவிகளும் சாகத்தான் செய்வாங்கங்கற அர்த்தத்துல பேசினாங்க. அதே ஏப்ரல்ல தனி ஈழம்தான் தீர்வுன்னாங்க. ஏப்ரல் 27-ல கலைஞர் அண்ணா சமாதியில சில மணி நேர உண்ணாவிரதம். தி.மு.க. மேடையில ஜெயலலிதாவோட ஜனவரிப் பேச்சு. அ.தி.மு.க. மேடையில கலைஞரோட அரை நாள் விரதம். மே 13-ல நாம ஓட்டுப் போட்டோம். 16-ல ரிசல்ட். தி.மு.க. கூட்டணிக்கு 27, அ.தி.மு.க. கூட்டணிக்கு 12. நம்ம ஸ்ரீபெரும்புதூர்ல டி.ஆர்.பாலு ஜெயிச்சார். 18-ல அங்கே எல்லாம் முடிஞ்சது. கடைசி மாசங்கள்ல நாற்பதாயிரம் பேர் வரைக்கும் பொதுமக்கள் செத்திருக்கலாம்னு ஐ.நா. நிபுணர் குழு 2011-ல அறிக்கை கொடுத்துச்சு.

இத்தனை சண்டையில ஒரு கேள்வி அடிபட்டுப் போச்சு. 2008 செப்டம்பர் 9-ல வவுனியா ராணுவ முகாம்ல புலிகள் தாக்கினப்போ காயம்பட்டவங்கள்ல இந்தியாவைச் சேர்ந்த ரேடார் டெக்னீஷியன்கள் ரெண்டு பேரும் இருந்தாங்க. இந்தியா கொடுத்த ரேடாரும் அங்கே இருந்துச்சு. இந்தியாவோட ரேடார், இந்தியாவோட ஆளு. அப்போ நம்ம வரிப்பணத்துல அங்கே வேற என்னென்ன போச்சு, எந்தக் கணக்குல போச்சு? அந்தக் கேள்வியைக் கெட்டியாப் பிடிச்சு டெல்லியில வரி வரியா பதில் வாங்கியிருந்தா, 39 எம்.பி.க்களுக்கும் ஒரு அர்த்தம் இருந்திருக்கும். 2009 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டுல இந்தியாவோட ராணுவ ஒதுக்கீடு 1,41,703 கோடி ரூபாய். அதை வெச்சு யாராவது போஸ்டர் அடிச்சாங்களா? ராஜினாமா கடிதத்தைக் காட்டி அரசியல் பண்றது ஈஸி. மானியக் கோரிக்கையோட பக்கத்தைப் புரட்டறது போர் அடிக்கும்.

மானியக் கோரிக்கைன்னா என்னன்னு கேட்கிறவங்களுக்கு: ஒவ்வொரு அமைச்சகமும் 'இவ்வளவு வேணும்'னு மக்களவையில கேட்கும். அதை விவாதிச்சு ஓட்டுப் போடணும். அதுக்கு நேரம் இல்லன்னா கடைசி நாள்ல 'கில்லட்டின்'. பிரெஞ்சுக்காரங்க தலையை வெட்டுற மெஷின் பேருதான்! மிச்சமிருக்கிற எல்லாக் கோரிக்கையையும் சபாநாயகர் ஒரே வெட்டா ஓட்டுக்கு விட்டு முடிச்சுடுவார். 2018 மார்ச் 14-ல நிதி மசோதாவும் எல்லா அமைச்சகத்தோட செலவும் அமளிக்கு நடுவுல சுமார் அரை மணி நேரத்துல பாஸ் ஆச்சு. அதுக்குள்ள ராணுவத்தோட 2.95 லட்சம் கோடியும் அடக்கம். நம்ம காலேஜ் கல்ச்சுரல்ஸ் பட்ஜெட்டுக்கு அதைவிட நேரம் எடுத்துக்கறோம்! ஒரு வருஷம் கழிச்சு 2019 தேர்தல். ஒரு பக்கம் ரஃபேல், இன்னொரு பக்கம் பாலகோட். யார் தேசத்துக்கு ஆதரவு, யார் பாகிஸ்தானுக்கு ஆதரவுன்னு ரெண்டு மாசம் தொண்டை கிழிஞ்சது. பணத்தை அரை மணி நேரத்துல கொடுத்துட்டு, அதே பணத்தை வெச்சு ஒருத்தரையொருத்தர் அடிச்சுக்கிட்டாங்க.

அமெரிக்காவும் தப்பலை. 2003-ல ஈராக், ஆப்கானிஸ்தானுக்காக 8,700 கோடி டாலர் கேட்டார் புஷ். ஜான் கெர்ரி என்கிற செனட்டர், பணக்காரங்களுக்குக் கொடுத்த வரிச் சலுகையைக் குறைச்சு அதுலேர்ந்து அந்தப் பணத்தைக் கொடுக்கலாம்கற திருத்தத்தை ஆதரிச்சார். அது தோத்ததும், கடன் வாங்கிக் கொடுக்கிற மசோதாவை எதிர்த்தார். நியாயமான நிலைப்பாடுதான்னு நான் நினைக்கிறேன். ஆனா முதல்ல ஆதரிச்சேன், அப்புறம் எதிர்த்தேன்னு அவரே ஒரு கூட்டத்துல உளறிக்கொட்டிட்டார். 2004 தேர்தல்ல புஷ் தரப்பு அதையே விளம்பரமாப் போட்டு நொறுக்கிடுச்சு. இத்தனைக்கும் கெர்ரி வியட்நாம்ல சண்டை போட்டு மெடல் வாங்கின ஆளு!

இங்கே உங்கள்ல யாராவது 'அப்போ ராணுவத்துக்குப் பணமே வேணாமா?'ன்னு கேட்பீங்க. எங்க ஷாப் சூப்பர்வைசரும் அதைத்தான் கேட்டார். வேணும் சார். எல்லையில நிக்கிறவருக்கு நல்ல ஷூ வேணும், ஓடுற வண்டி வேணும். ஆனா எங்க கம்பெனியில ஒரு ட்ரில் பிட் வாங்கணும்னாலே மூணு கொட்டேஷன், ரெண்டு கையெழுத்து, ஸ்டோர்ஸ் என்ட்ரி. ஏன் இவ்வளவு விலைன்னு பர்ச்சேஸ் மேனேஜர் கேட்டா, 'நீ கம்பெனிக்குத் துரோகி'ன்னு யாரும் சொல்றதில்லை. சொன்னா அவரோட சீட்டைக் கிழிச்சுடுவாங்க.

இலங்கையில சண்டை முடிஞ்சா ராணுவச் செலவு குறையும்னுதானே நினைப்போம்? 2011-க்கான ஒதுக்கீடு 21,000 கோடியைத் தாண்டுச்சு. 2022-ல நாடே திவாலாச்சு. பெட்ரோல் பங்க்குல ஜனங்க நாள்கணக்குல வரிசையில நின்னாங்க. அதுக்கு அடுத்த 2023 பட்ஜெட்டுலயும் பாதுகாப்புக்குச் சுமார் 41,000 கோடி, சுகாதாரத்துக்கு ஒதுக்கினதைவிட அதிகம். ஒரு தடவை 'எதிர்த்தா துரோகி'ன்னு ஆக்கிட்டா, அந்த எண்ணைக் குறைக்க அப்புறம் யாருக்கும் தைரியம் வர்றதில்லை. அன்னிக்கு ஓட்டுப் போடாம ஒதுங்கின ஜே.வி.பி.யோட எம்.பி.யா இருந்த அநுர குமார திசாநாயக்க 2024-ல ஜனாதிபதி ஆனார். அவர் கூட்டணிக்குப் பார்லிமென்ட்டுல 225-க்கு 159 சீட் கிடைச்சது. அண்ணன்கிட்ட இதைச் சொல்லி, "இனிமே மாறுமாண்ணா?"ன்னு கேட்டேன்.

"ஆர் வந்தா என்ன தம்பி, எனக்கு அங்கேயும் ஓட்டில்லை, இங்கேயும் ஓட்டில்லை" என்றார். முப்பது வயசுல அவர் விரல்ல ஒரு தடவைகூட மை வெச்சதில்லை.

எங்க ஷாப்ல விமான பாகங்களுக்காக ஒரு சின்ன லைன் வரப்போறதாப் பேச்சு இருக்கு. ஆபரேட்டர்களுக்கு ஒரு ஃபார்ம் கொடுத்தாங்க. அனுபவம், டிரெயினிங், நாட்டுரிமை. மூணாவது கட்டத்தை அண்ணன் காலியா விட்டுட்டு ஃபார்மைத் திருப்பிக் கொடுத்துட்டார். லைன்லயே பெஸ்ட் ஆபரேட்டர் அவர்தான். யாரும் எதுவும் சொல்லலை, அவரும் எதுவும் கேட்கலை. "பம்ப் லைன்ல ஓவர்டைம் கிடைக்குது, போதும்" என்றார்.

அன்னிக்கு பஸ்ல அந்த நோட்டுப் படங்களை முழுசாப் பார்த்தேன். பட்ஜெட் வருஷத்துக்கு ஒரு தடவை. அது போக, அவசரகாலச் சட்டத்தை நீட்டிக்கிற ஓட்டெடுப்பு மாசாமாசம். ஒவ்வொரு மாசமும் கூட்டமைப்பு எதிர்த்துப் போட்டுக்கிட்டே இருந்திருக்கு, ஒவ்வொரு மாசமும் தோத்திருக்கு. அண்ணனோட அப்பா ஒரு மாசம்கூட விடலை. நீல மை, சில பக்கத்துல பென்சில். ஒரு இடத்துல தண்ணி பட்டு எழுத்து பரவியிருக்கு. கொழும்புல அந்த ஓட்டெடுப்பு 2011 ஆகஸ்ட் வரைக்கும் நடந்துச்சு. நோட்டு 2009 மே மாசத்தோட நின்னுடுச்சு. அடுத்த பக்கத்துலயும் அதே மூணு கட்டம்தான், தலைப்பு மட்டும் வேற: ரேஷன் அரிசி, மண்ணெண்ணெய், பாக்கி.